பூ வண்டி ஓட்டுநர் யாருடைய ஆள்?

முகூர்த்தம் காலை 6 மணிக்கு என்றால் மணமாலை 5 மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். மேடை அலங்காரத்துக்கான பூ அதற்கும் முன்பாக, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் வந்து இறங்கியாக வேண்டும். சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள கெங்கவல்லியில் பூக்கடை நடத்தும் எவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். செந்தாரப்பட்டியில் ஒரு திருமணம், தெடாவூரில் ஒரு புதுமனை புகுவிழா, தம்மம்பட்டியில் ஒரு கோயில் விசேஷம், இவற்றுக்கு நடுவே ஏதோ ஒரு சிற்றூரில் துக்க வீட்டுக்கு அவசரமாக ஒரு மாலை என எல்லாம் ஒரே இரவில் வந்து குவியும் வைகாசி, ஆவணி மாதங்களில், கடையின் நற்பெயர் பூத்தொடுப்பவரின் விரல்களைக் காட்டிலும் வண்டி ஓட்டுபவரின் கண்விழிப்பையே நம்பியிருக்கிறது.

அந்த ஓட்டுநர் யார்? சில கடைகளில் உரிமையாளரின் உறவுக்காரப் பையன். கடையின் மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு போகிறவன். சில கடைகளில் நடைக்கு இவ்வளவு என்று பேசி அமர்த்தப்படும் லோடு ஆட்டோக்காரர். பெரிய அலங்கார வேலை என்றால், ஊர்வழக்கில் 'குட்டி யானை' எனப்படும் சிறிய சரக்கு வண்டி. பகலில் மரவள்ளிக் கிழங்கோ மக்காச்சோளமோ ஏற்றிய அதே வண்டியும் அதே ஓட்டுநரும் இரவில் பூவுக்கு வருவதும் உண்டு. கடைக்கு வந்த பூ எத்தனை கிலோ, என்ன விலை, மண்டிக்குக் கழிவு எவ்வளவு என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். ஓட்டுநரின் பெயர் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை. பேட்டாவும் டீசல் பணமும் கையிலிருந்து கைக்கு மாறுகின்றன. அத்துடன் அந்த உறவு முடிந்துவிடுகிறது, அடுத்த முகூர்த்தம் வரை.

விபத்து நேராத வரையில் இந்த ஏற்பாட்டில் எவருக்கும் குறை தெரிவதில்லை. விபத்து நேர்ந்த பிறகு எழும் முதல் கேள்வியே, அவர் யாருடைய ஆள் என்பதுதான்.

பூ வணிகத்தின் அவசரம் பேராசையினால் மட்டும் வருவதன்று. மல்லிகையை மொட்டாகவே பறித்தாக வேண்டும். விடியலுக்கு முன் பறித்த மொட்டு அன்று மாலையே விரிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் அது தோட்டத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கூந்தலுக்கோ கருவறைக்கோ போய்ச்சேர வேண்டும். தோவாளை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் என எந்தப் பூச்சந்தையைப் பார்த்தாலும் இந்த ஓட்டமே அதன் இயல்பு. சேலத்தின் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கும் இது பொருந்தும். பனமரத்துப்பட்டி வட்டாரத்து அரளியும் சுற்றுவட்டார மல்லிகையும் சம்பங்கியும் அங்கே வந்து பிரிகின்றன. காய்கறிக்குக் குளிர்பதனக் கிடங்கு பற்றியாவது பேசுகிறோம். உதிரிப் பூவுக்கு இன்றும் ஈரத்துணியும் சாக்கும் மூங்கில் கூடையும்தான் குளிர்பதனம். எனவே நேரத்தைச் சேமிக்க எஞ்சியிருக்கும் ஒரே இடம் சாலை. பூவின் ஆயுளில் குறைகிற ஒவ்வொரு நிமிடமும் ஓட்டுநரின் வலது காலில் ஏற்றப்படுகிறது.

சாலையோ எல்லா இடத்திலும் அதற்கு இடம் தருவதாக இல்லை. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை செல்லும் தேசிய நெடுஞ்சாலை நான்குவழியாக அமைக்கப்பட்டபோது, வாழப்பாடி, ஆத்தூர் உள்ளிட்ட ஊர்களின் புறவழிச்சாலைகள் மட்டும் இருவழியாக விடப்பட்டன. நான்குவழியில் வந்த வேகம் குறையாமல் இருவழிக்குள் நுழைந்த வாகனங்கள் எத்தனை உயிர்களைப் பறித்தன என்பதை அந்தப் பகுதி மக்கள் நன்கறிவார்கள். அவற்றை அகலப்படுத்தக் கோரி நெடுநாள் குரல் கொடுத்தவர்களும் அவர்களே. ஆத்தூரில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்தால் கெங்கவல்லிக்கும் அதற்கு அப்பாலும் ஊர்ச்சாலைகள்தான். நள்ளிரவில் விளக்கில்லாத கரும்பு வண்டியும் சாலையில் படுத்திருக்கும் மாடும் அங்கே புதியவை அல்ல.

விரைவு விநியோகத்தின் ஆபத்தைப் பற்றி நாடு அண்மைக்காலத்தில் நிறையவே பேசியிருக்கிறது. பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் மளிகைக்கு எதிராகச் செயலி நிறுவனங்களின் பணியாளர்கள் 2025 டிசம்பர் இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த மாதமே, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தலையிட்டதையடுத்து, பத்து நிமிட வாக்குறுதியை முன்னணி நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்திலிருந்து நீக்கியது. தமிழ்நாட்டில் இத்தகைய பணியாளர்களுக்கென நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டு, அது அமைக்கவும்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், 2,000 பணியாளர்கள் மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா ரூ.20,000 மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னையில் அவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறையும் திறக்கப்பட்டது. எல்லாம் வரவேற்கத்தக்கவை.

ஆனால், இந்தக் குடையின் கீழ் கெங்கவல்லி பூக்கடை ஓட்டுநருக்கு இடமில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலிவழி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, பணியாளர்களுக்கு வழங்கிய தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. பூக்கடை ஒரு செயலி அன்று; அதனிடமிருந்து அந்த நிதிக்கு எதுவும் வராது, அந்த நிதியிலிருந்து அதன் ஓட்டுநருக்கு எதுவும் கிடைக்காது. பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்று மற்றொரு தொகுப்பு சொல்கிறது. அது பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. ஐந்து மோட்டார் தொழிலாளர்களாவது இருந்தால்தான் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொருந்தும் என்ற நிலை முன்பும் இருந்தது. மூன்று பூக்கட்டுபவர்களையும் ஓர் ஓட்டுநரையும் வைத்திருக்கும் கடை எல்லா எண்ணிக்கைக்கும் கீழேதான் நிற்கிறது.

இதிலிருந்து, சிறு கடைக்குச் சட்டமே இல்லை என்ற முடிவுக்குப் பல உரிமையாளர்கள் வந்துவிடுகிறார்கள். அது முற்றிலும் தவறு. ஓட்டுநரைவிட அவர்களுக்கே பெரிய ஆபத்தைத் தரக்கூடிய தவறு. வாகனம் ஓட்டும் பணியாளர் வேலையின்போது காயமுற்றாலோ இறந்தாலோ இழப்பீடு தருவது முதலாளியின் கடமை என்று 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு ஆள் எண்ணிக்கை ஒரு நிபந்தனை அன்று. ஓர் ஓட்டுநர் என்றாலும் பொருந்தும். இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்துள்ளது. அந்தச் சட்டத்தின் கணக்கீட்டு முறை எளிது: மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 25 வயதுக்கான காரணி 216.91. மாதம் ரூ.15,000 ஊதியம் பெறும் 25 வயது ஓட்டுநர் பணியில் இறந்தால், 7,500-ஐ அந்த எண்ணால் பெருக்கிப் பார்க்கலாம். ரூ.16 லட்சத்துக்கு மேல் வரும். கெங்கவல்லியில் எந்தப் பூக்கடையின் கல்லாவிலிருந்து அது வரும்?

இங்கேதான் அந்த ஆள் யார் என்ற கேள்வி கூர்மை பெறுகிறது. இளைஞர் ஒருவர் கடைக்காரரின் மொபெட்டில் மாலை கொண்டுபோகும்போது, வேறு எந்த வாகனத்தின் தவறும் இன்றி, மாட்டின்மீது மோதி விழுந்து இறக்கிறார் என்று கொள்வோம். வாகனத்தின் உரிமையாளரும் ஓட்டுபவரும் ஒருவரேயானால், கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடாக ரூ.15 லட்சம் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும். வண்டி கடைக்காரர் பெயரில் இருப்பதால் இவருக்கு அது கிடைக்காது. உரிமையாளரிடம் இரவல் வாங்கி வண்டி ஓட்டுபவர் உரிமையாளரின் நிலையிலேயே வைத்துப் பார்க்கப்படுவார் என்றும், அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் அவருடைய குடும்பம் மூன்றாம் நபராக இழப்பீடு கோர முடியாது என்றும் உச்சநீதிமன்றம் 2009-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பின்னரும் அதே வழியில் தீர்ப்புகள் வந்துள்ளன. ஆக, இறந்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனவரா, வேலையாக அனுப்பப்பட்டவரா என்பதைப் பொருத்தே எல்லாம் அமைகிறது. எடுத்துக்கொண்டு போனவர் என்றால் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அனுப்பப்பட்டவர் என்றால் இழப்பீடு உண்டு. ஆனால் அதைக் கடைக்காரரே தர வேண்டியிருக்கலாம்.

இரு தரப்பும் ஒரே தெருவில் வசிப்பவர்கள், பெரும்பாலும் உறவினர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருநகரத்தில் ஒரு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுப்பது வேறு. சித்தப்பா என்று அழைத்தவர்மீது தொடுப்பது வேறு. அதனால்தான் இத்தகைய வழக்குகளில் பல, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகையுடன் முடிகின்றன. அந்தத் தொகைக்கும் மேற்சொன்ன 16 லட்சத்துக்கும் இடையே உள்ள தூரத்தை விதவையும் பெற்றோரும் சுமக்கிறார்கள். "பாவம், அவரும் நல்லவர்தான்" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வதையும் கேட்கிறோம். நல்லவராக இருப்பதற்கும் பொறுப்பேற்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு காகிதமும் ஒரு காப்பீட்டு ரசீதும் இருந்தால் நல்லவர் பொறுப்பாளராகவும் இருக்க முடியும்.

அந்தக் காகிதம் பெரிய ஆவணமாக இருக்க வேண்டிய தேவையில்லை. இன்னார், இன்ன தேதியிலிருந்து, இன்ன வாகனத்தில், இன்ன கடையின் பூவைக் கொண்டுசெல்லும் வேலையில், இன்ன ஊதியத்துக்கு இருக்கிறார் என்ற நான்கு வரிகள் போதும். சரக்கு வண்டியானால், சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பைச் சிறிய கூடுதல் கட்டணத்தில் வாகனக் காப்பீட்டுடன் சேர்க்கலாம். முகவரிடம் கேட்டு வாங்குபவர்கள்தாம் குறைவு. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.20 கட்டினால், 18 முதல் 70 வயது வரை உள்ளோருக்கு விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் கிடைக்கும். ஒரு முழம் மல்லிகையின் விலைகூட இல்லை அது. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று ஒரு நல வாரியமும் பல ஆண்டுகளாக இருக்கிறது. செயலிப் பணியாளர்களுக்கான வாரியம் வந்தபோது கிடைத்த விளம்பரத்தில் சிறு பங்கேனும் இந்தப் பழைய வாரியத்துக்குக் கிடைத்திருந்தால், தம்மம்பட்டிச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்கும்.

ஓட்டுநர் உரிமம் பற்றிய ஒரு குழப்பம் தீர்ந்திருப்பதையும் சொல்ல வேண்டும். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வாகனத்தைத் தனி அனுமதி இன்றி ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. குட்டி யானை ஓட்டுபவரிடம் கார் உரிமம்தான் இருந்தது என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் இனி இழப்பீட்டை மறுக்க இயலாது. ஆனால், உரிமமே இல்லாதவரை அனுப்பும் பழக்கத்துக்கு எந்தத் தீர்ப்பும் உதவாது. முகூர்த்த நாளில் ஆள் பற்றாக்குறை வரும்போது, பிளஸ் 1 படிக்கும் பையனிடம் மொபெட் சாவியைக் கொடுத்து, "பக்கத்து ஊர்தானே, போய்ட்டு வா" என்பது சிற்றூர்களில் எவரும் வியக்காத காட்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வாகனப் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

இன்னொரு வழக்கம் தாமதத்துக்கான பிடித்தம். மாலை அரை மணி நேரம் தாமதமாக வந்தால் திருமண வீட்டார் பேசிய தொகையில் குறைக்கிறார்கள். கடைக்காரர் அதை ஓட்டுநரின் பேட்டாவில் குறைக்கிறார். பூ வாடியிருந்தாலும் அப்படியே. ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லாக் கடைகளுக்கும், ஒருவரே வேலை செய்தாலும், பொருந்துவது. பொருளுக்கு ஏற்பட்ட இழப்பை ஊதியத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பொருள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாகவும், இழப்பு நேரடியாக அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். அவர் தன் தரப்பை விளக்க வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்பது விதி. ரயில்வே கேட் மூடியிருந்ததும், ஆத்தூர் புறவழிச்சாலையில் லாரி கவிழ்ந்து கிடந்ததும் எவருடைய கவனக்குறைவும் அன்று. மாலை கட்டி முடிக்கவே 4 மணி ஆகிவிட்டிருந்தால், அந்தத் தாமதம் வண்டியில் தொடங்கியதும் அன்று. பிடித்தத்தின் தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் அது ஓட்டுநருக்குச் சொல்லும் செய்தி மிகத் தெளிவானது: போன முறை இருநூறு போயிற்று, இந்த முறை விரட்டு.

உலகின் மிகப்பெரிய மலர் ஏலம் நடைபெறும் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீரிலும் பூ வாடத்தான் செய்கிறது. அங்கிருந்து ஐரோப்பா முழுதும் செல்லும் லாரிகளின் ஓட்டுநர்கள், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியில் பொருத்தப்பட்ட கருவி அதைப் பதிவு செய்கிறது. இந்த விதி பொதுவாகப் பெரிய லாரிகளுக்கானது என்பதால், நம் குட்டி யானையுடன் நேராக ஒப்பிடுவது பொருந்தாது. ஆயினும், பூ அழியும் பொருள் என்பது ஓட்டுநரின் உறக்கத்தைப் பறிப்பதற்குக் காரணமாகாது என்பதை அங்கே வணிகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் 1910-லேயே வேறொரு வழியைக் கண்டனர். தொலைவிலுள்ள ஊருக்கு மலர்க்கொத்து கேட்டு வந்தால், அதை அங்கே சுமந்து செல்லாமல், அந்த ஊர்க் கடைக்குத் தந்தி அடித்துச் செய்துகொடுக்கச் சொல்வது என்று தங்களுக்குள் உடன்பட்டுச் சங்கம் அமைத்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் மலர் அனுப்பும் சேவைகளுக்கு அதுவே முன்னோடி. பயணம் செய்தது பூ அன்று, செய்திதான்.

ஆத்தூர், கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் கடைக்காரர்களுக்குத் தந்தி தேவையில்லை; ஒருவருக்கொருவர் கைப்பேசி எண் தெரியும். வீரகனூர்த் திருமணத்துக்குக் கெங்கவல்லியிலிருந்து மாலை போவதும், அதே விடியலில் கெங்கவல்லித் திருமணத்துக்கு வீரகனூரிலிருந்து மாலை வருவதும், இரு ஓட்டுநர்களும் வழியில் ஒருவரையொருவர் கடந்து செல்வதும் நகைப்புக்குரிய காட்சி. ஆனால் வாடிக்கையாளரை விட்டுக்கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் மனம் வருவதில்லை. ஒருமுறை அங்கே போனவர் திரும்பி வரமாட்டார் என்ற அச்சம் நியாயமானதும்கூட. மாலையை மாற்றிக்கொள்ள முடியாவிட்டாலும் வண்டியையாவது பகிர்ந்துகொள்ளலாம்: ஒரே திசையில் செல்லும் மூன்று கடைகளின் பூவை ஒரு வண்டியில் அனுப்பினால் செலவு குறையும், அந்தச் செலவில் இரண்டாவது ஓட்டுநர் ஒருவரை அமர்த்தலாம். பகலில் சந்தைக்குப் போய்வந்தவரே இரவிலும் சாவியைத் தொடக் கூடாது என்ற ஒற்றை விதி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைவிட அதிக உயிர்களைக் காக்கும் என்பது என் கணிப்பு.

கடைக்காரரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து சுருங்கி விலை ஆயிரங்களைத் தொடும்போதும், முன்பணம் வாங்கிப் பேசிய விலைக்கே அவர் மாலை தர வேண்டியிருக்கிறது. வாடிய பூ அனைத்தும் அவருடைய நட்டம். தள்ளுவண்டியில் தொடங்கிக் கடைக்கு உயர்ந்தவர்கள் பலர். நேற்று வரை கூடை சுமந்தவர்களே அவர்களும். திருமண வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆறு மாதம் முன்பே பேசி முடிப்பவர்கள், பூவை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளி, முதல் நாள் இரவு 9 மணிக்கு "இன்னும் இரண்டு மாலை சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அந்த இரண்டு மாலை கட்டி முடியும் வரை வண்டி வாசலில் நிற்கிறது. பிறகு அந்த நேரத்தைச் சாலையில் மீட்க வேண்டியிருக்கிறது.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. உழவர் சந்தைகளையும் பூச்சந்தைகளையும் தொழிலாளர் துறையினர் அறியாதவர்கள் அல்லர். அமைப்புசாரா ஓட்டுநர் வாரியத்தின் பதிவு முகாமை, மாவட்டத் தலைநகர் அலுவலகத்தில் வேலை நேரத்தில் நடத்தாமல், முகூர்த்த மாதம் தொடங்குவதற்கு முன்பாக ஒரு நாள் அதிகாலை 4 மணிக்கு வ.உ.சி. பூ மார்க்கெட் வாசலில் நடத்திப் பார்க்கலாம். மாவட்டத்தின் பூ வண்டி ஓட்டுநர்களில் பலர் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார்கள். கையெழுத்திட வேண்டிய கடைக்காரர்களும் பக்கத்திலேயே கூடை பேசிக்கொண்டிருப்பார்கள்.